கோணல் தாள்

கஃப்ர் ஸவாக்கி, ஷர்கியா
12 நவம்பர் 1985

அன்புத் தம்பி ரபீக்கு,

அக்கா இன்ஸாஃப் எழுதுவது. உனக்கு எங்கள் சலாம். அம்மாவும் நானும் சுகம். நீ கண்முன் இல்லை என்பதைத் தவிர இந்த வீட்டில் வேறு குறை இல்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? அம்மா கொடுத்தனுப்பிய கொய்யா இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தாயா, இல்லை வழியிலேயே வீசிவிட்டாயா?

காவல்படையிலிருந்து விடுப்பில் வந்த ஒன்பது நாளில் நீ செய்தது ஒரே ஒரு பாப்பிரஸ் தாள். நீ லாரி ஏறின மறுநாள் அதை அழுத்தத்திலிருந்து எடுத்தேன். மேலிருந்த துணியை விலக்கியதும் அம்மா சிரித்த சிரிப்பில் வாத்துகள் கலைந்து ஓடின.

"காயிதமா பண்ணினான் உன் தம்பி? எனக்குப் பாவாடையில்ல வெட்டியிருக்கான்" என்றாள்.

கோரைத் தண்டு அடியில் கட்டைவிரல் பருமன், நுனியில் சுண்டுவிரல் பருமன். அதனால்தான் ஒரு கீற்றை அடிப்பக்கம் மேலாக வைத்தால் அடுத்ததை நுனிப்பக்கம் மேலாக வைக்கவேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். நீ அடியெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்கிவிட்டாய். தாள் ஒரு முனையில் இரண்டு சாண், மறுமுனையில் ஒன்றரைச் சாண். நேராக வெட்டினால் பாதி போய்விடும். தனியே எடுத்து வைத்தேன்.

வியாழக்கிழமை கிஸாவிலிருந்து, தாள் வாங்கும் ஹாஜி மஹ்ரூஸ் வந்தார். வழக்கம்போல ஒவ்வொரு தாளையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உன்னுடையது அவர் கையில் எப்படியோ சிக்கிவிட்டது. "இது யார் கைம்மா?" என்றார். என் கை தவறிவிட்டது என்றேன்.

"உன் கையா? உன் கை தூங்கினாக்கூட நேராத்தான் தூங்கும்" என்றார். ஆனாலும் அதை எடுத்துக்கொண்டார்.

வசந்த காலத்துக்குள் முந்நூறு தாள் கேட்டிருக்கிறார். குறையில்லாமல் கொடுத்துவிட்டால், அவர் கடைப் பின்கட்டில் சும்மா கிடக்கும் இரும்புத் திருகு பிரஸ்ஸை எனக்கே தந்துவிடுவதாகச் சொன்னார். இப்போது பழைய கதவுப் பலகையும் அதன்மேல் நாலு கல்லும்தானே. கல் போதாத நாளில் அம்மா ஏறி உட்கார்ந்துகொள்கிறாள்.

அவர் கடை ஹரம் சாலையில். நீ அந்தப் பக்கம் காவலுக்குப் போனால் நம் தாள் தொங்குகிறதா என்று பார்த்து எழுது.

உன் சுகச் செய்திக்குக் காத்திருக்கும்
அக்கா

*

முகாம், கிஸா
3 டிசம்பர் 1985

அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

நட்சத்திரங்களின் எண்ணிக்கை அளவு சலாம். நான் சுகம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் சுகமாக இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுதல். பக்கத்துப் படுக்கைக்காரர் ஷெனூதா இதை எனக்காக எழுதுகிறார். மின்யாக்காரர். ஆறாம் வகுப்பு வரை படித்தவர், முகாமில் எங்கள் கொட்டகைக்கு அவர்தான் பேனா.

ஹரம் சாலைக்குத்தான் தினமும் போகிறோம். ஆனால் சாலையைப் பார்த்ததில்லை. விடிவதற்குள் லாரியில் ஏற்றி, தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடுவார்கள். இறக்கிவிடும் இடத்தில் ஒரு ஓட்டல் சுவர். அதற்கு முதுகைக் காட்டிப் பத்து மணி நேரம் நிற்கவேண்டும். திரும்பக்கூடாது. முன்னால் ஒரு விளம்பரப் பலகை, ஒரு பெண் பல் துலக்குகிறாள். இத்தனை மாதமாகத் துலக்குகிறாள், இன்னும் கொப்பளிக்கவில்லை.

காலையில் பருப்பு, மாலையில் பருப்பு. வெள்ளிக்கிழமை பருப்பில் கொஞ்சம் வெங்காயம்.

என் தாளை ஹாஜி எடுத்துக்கொண்டாரா? அவருக்குக் கண் சரியில்லை என்று நினைக்கிறேன். பிரஸ் வந்தால் அம்மாவுக்கு வேலை போய்விடுமே.

உங்கள் மகன், உன் தம்பி
ரபீ

எழுதியவன் குறிப்பு: அக்கா, இவன் சொன்னதில் பாதியைத்தான் எழுதினேன், மீதி வசவு. இருமுவதைச் சொல்லாதே என்றான். தினமும் இருமுகிறான். கொய்யா இலையை லாரியிலேயே வீசிவிட்டானாம். கடிதங்களை அலுவலகத்தில் பிரிக்கிறார்கள், அம்மா அனுப்பும் பிஸ்கட்டும் அங்கேயே குறைகிறது. — ஷெனூதா

*

கஃப்ர் ஸவாக்கி
5 ஜனவரி 1986

தம்பி ரபீக்கு,

சலாம். நாங்கள் சுகம். ஏழாம் தேதி ஷெனூதா அண்ணனுக்குக் கிறிஸ்துமஸ், எங்கள் வாழ்த்தைச் சொல். அவர் குறிப்பைப் படித்துக் காட்டியபோது அம்மா, "எழுதுறவன் நல்லவன், சொல்றவன்தான் திருடன்" என்றாள். இனி ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அவர் இரண்டு வரி எழுதவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. உன் கடிதத்தை நம்ப அவளுக்கு அந்த இரண்டு வரிதான் சாட்சி.

உன் கோணல் தாளுக்கு யோகம் அடித்திருக்கிறது. ஹாஜியின் ஓவியர் அதில் ஒரு படகு வரைந்தாராம். அகலமான பக்கம் தண்ணீர், குறுகின பக்கம் வானம். தாள் குறுகுவதால் படகு தூரத்தில் போவதுபோல் இருக்கிறதாம். ஹாஜி அதைச் சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார். வெளிநாட்டுக்காரர்கள் நின்று பார்க்கிறார்கள், உள்ளே வந்து வேறு எதையாவது வாங்கிப் போகிறார்கள். யார் கேட்டாலும் அதை மட்டும் விற்பதில்லை.

"மீனு போனா புடிச்சுக்கலாம், தூண்டில் போச்சுன்னா?" என்கிறார்.

நூற்றெண்பது தாள் முடிந்து அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னும் நூற்றிருபது. விடியும்போது வாய்க்கால் ஓரம் தண்டு வெட்டுகிறேன். பச்சைத் தோலை உரித்து, ஆணியில் கட்டின நைலான் நூலால் உள்நெட்டியைக் கீற்றுகளாக அறுக்கிறேன். காஸ்டிக் சோடா கலந்த தொட்டியில் மூன்று நாள். சோடாவில் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. ரொட்டி பிய்த்தால் உப்பு எரிகிறது. இரவில் படுத்தால் கை மட்டும் அடுக்கிக்கொண்டே இருக்கிறது. அடி, நுனி, அடி, நுனி. தூக்கம் வருவதில்லை. அழுத்தத்தில் ஈரத் துணி மாற்றும் நேரம் தவறிவிட்டதோ என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

பிரஸ் வந்தால் சரியாகிவிடும்.

உன் அக்கா

*

முகாம், கிஸா
10 பிப்ரவரி 1986

அக்காவுக்கு,

சலாம். நீங்கள் இருவரும் சுகமா? நானும் சுகம். இந்தக் கடிதம் அலுவலகம் வழியாக வராது. ரொட்டி லாரிக்காரரிடம் கொடுக்கிறோம்.

இங்கே ஒரு பேச்சு ஓடுகிறது. மூன்று வருடக் கட்டாயச் சேவை என்று கூட்டிவந்தவர்களை நாலாவது வருடமும் வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு இன்னும் நாலரை மாதம் என்று சுவரில் கோடு கிழித்து வைத்திருந்தேன். நேற்று ஒருவன் என் கோடுகளைப் பார்த்து, "இன்னும் முன்னூத்தி அறுபத்தஞ்சு கோடு போட சுவத்துல எடம் இருக்காடா?" என்றான். அடித்துவிட்டேன். அவனும் அடித்தான். பிறகு இருவரும் சேர்ந்து ஒரே சிகரெட்டைப் பிடித்தோம்.

ஓட்டல் வாசலில் ஒருவர் நாய்க்கு இறைச்சி போட்டார். தட்டில் வைத்துப் போட்டார். நான் பல் துலக்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுத்து வகுப்புக்குப் போகிறேன். என் பெயரை எழுத வருகிறது. உன் பெயரும் வருகிறது, நீளமாக இருப்பதால் சறுக்குகிறது.

உன் தம்பி

எழுதியவன் குறிப்பு: அக்கா, எனக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. நாளை முகாம் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இவன் சும்மா இருக்கும் நேரம் அதிகமாகிவிட்டது. எனக்கு அதுதான் கவலை. வாழ்த்துக்கு நன்றி என்று அம்மாவிடம் சொல்லுங்கள். — ஷெனூதா

*

கஃப்ர் ஸவாக்கி
1 மார்ச் 1986

ரபீ,

சலாம். சுகமா என்பதைத் தவிர இதில் வேறு கேள்வி இல்லை.

செவ்வாய்க்கிழமை உங்கள் முகாமிலிருந்து பையன்கள், நாலாவது வருடம் என்ற பேச்சைக் கேட்டு, ஹரம் சாலைக்கு வந்து ஓட்டல்களை எரித்தார்கள் என்று புதன்கிழமை வானொலியில் சொன்னார்கள். சுட்டார்கள் என்றும் சொன்னார்கள். எண்ணிக்கை சொல்லவில்லை. ஊரடங்கு என்பதால் கெய்ரோவுக்குப் பஸ் இல்லை. அபூ கபீர் நகரத்துக்குப் போய்த் தொலைபேசியில் முயன்றேன், இணைப்பு கிடைக்கவில்லை. ஹாஜியிடமிருந்தும் தகவல் இல்லை.

அம்மா நாலு நாளாக வாசலை விட்டு நகரவில்லை. அழுத்தத்தில் இருந்த தாள்களுக்குத் துணி மாற்ற மறந்துவிட்டேன். இருபத்திரண்டும் பூஞ்சை பிடித்துவிட்டன. போகட்டும்.

யார் கையாலாவது ஒரு வரி.

அக்கா

*

முகாம், கிஸா
22 மார்ச் 1986

அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

சலாம். நான் சுகம். கவலைப்படவேண்டாம். அன்றைக்கு நான் முகாம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். இருமல் அதிகமாகிக் காய்ச்சலும் வந்துவிட்டது. வெளியே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது விசாரணை நடக்கிறது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். என்னையும் கேட்டார்கள், இதையே சொன்னேன்.

எங்களை வெளியே விடுவதில்லை. அம்மாவிடம் நான் சுகம் என்று சொல்.

உன் தம்பி
ரபீ

*

கஃப்ர் ஸவாக்கி
8 ஏப்ரல் 1986

அன்புத் தம்பிக்கு,

சலாம். உன் கடிதம் வந்தது. அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் சுகம்.

கையெழுத்து ஷெனூதா அண்ணனுடையதுதான். ஆனால் இந்தமுறை அடியில் அவர் ஒன்றும் எழுதவில்லை. அம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்க்கச் சொன்னாள். காமாலை குணமானதா என்று அவரைக் கேட்டு எழுது.

போன வியாழக்கிழமை ஹாஜி வந்தார். அவருடைய வண்டியில் இல்லை, பஸ்ஸில். இரண்டு தேநீர் குடித்தார். பிறகு சொன்னார். கடை எரிந்துபோய் நாலு சுவர்தான் இருக்கிறதாம். என் நூற்றெண்பது தாளும் போய்விட்டன. ஓவியரின் ஒரு வருட வேலையும் போய்விட்டது. கதவை இழுத்து மூட ஓடின காவலாளிக்கு முழங்கை வரை வெந்து, இன்னும் கட்டு பிரிக்கவில்லை. ஹாஜி எதிரே மருந்துக்கடை ஷட்டருக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

அவர் சொன்ன ஒன்றை அப்படியே எழுதுகிறேன். ஊர்ச் செய்தி என்று வைத்துக்கொள்.

"அஞ்சாறு பசங்க ஓடிவந்தானுங்க. ஒருத்தன்தான் கம்பால கண்ணாடிய அடிச்சான். மத்தவனுங்க உள்ள பூந்து அள்ளுறானுங்க. இவன் மட்டும் நின்னுட்டான்மா. அந்தக் கோணல் தாளையே பாத்துக்கிட்டு நிக்கிறான். வெள்ளி இருக்கு, செம்பு இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு, அந்தத் தாளை எடுத்து மடிச்சிச் சட்டைக்குள்ள வெச்சிக்கிட்டான். அதை ஏம்மா எடுத்தான்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். முகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான். வெயில்ல நின்ன மூஞ்சி. இருமிக்கிட்டே இருந்தான், அது ஞாபகம் இருக்கு. புகைனாலன்னு நெனச்சேன். அப்புறம்தான் தோணுச்சு, அப்போ இன்னும் தீயே வெக்கலையேன்னு."

அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தாள். "எம் பையனும் அங்கதான் இருக்கான் ஹாஜி. நல்லவேளை, காய்ச்சல்ல படுத்திருந்தான்" என்று சுவரிலிருந்து உன் சீருடைப் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ஹாஜி அதைச் சன்னல் பக்கம் திருப்பி, தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அல்லாஹ் காப்பாத்தட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தேநீர் வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இன்ஸாஃப்

*

கஃப்ர் ஸவாக்கி
20 மே 1986

ரபீக்கு,

சலாம். ரமலான் பத்து நோன்பு ஆகிவிட்டது. ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம், மற்றபடி சுகம்.

கோரை யாருக்காகவும் நிற்பதில்லை. வெட்டாத தண்டு முற்றி, உள்நெட்டி பழுப்பாகிவிட்டது. வாங்க ஆள் இல்லை என்று தெரிந்தும் வெட்டுகிறேன். வெட்டாவிட்டால் கை என்ன செய்யும்? தாள்கள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரி மேலும் சேர்ந்துகொண்டே போகின்றன. நேற்று நோன்பு திறக்கும் நேரத்தில் பாங்கு சொன்னது காதில் விழவில்லை. கீற்று அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பேரீச்சம்பழத்தை என் வாயில் திணித்து, "யாருக்குடி இவ்வளவு அவசரம்?" என்றாள்.

நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நீ பதில் எழுதவேண்டியதும் இல்லை. சுகமாக இருக்கிறாயா என்று மட்டும் எழுது.

அக்கா

*

[பாப்பிரஸ் தாளின் பின்பக்கத்தில், பென்சிலால், பெரிய எழுத்துகளில். முன்பக்கம் ஒரு படகு.]

2 ஜூன்

அக்கா சலாம். அம்மா சலாம்.

இது என் கை. மெதுவாக எழுதுகிறேன். ஆறு நாளாக எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நான் இல்லை. அது ஷெனூதாவின் படுக்கை. அவருக்குக் காமாலை. பொய்யை எழுதச் சொன்னேன். எழுதினார். அடியில் சாட்சி எழுதச் சொன்னேன். மாட்டேன் என்றார். இந்தக் கடிதத்தை எழுதக் கேட்டேன். இதை நீயே எழுது என்றார். அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

கண்ணாடியை உடைத்தது நான். அது யார் கடை என்று தெரியாது. உள்ளே என் தாள் தொங்கியது. பாவாடை மாதிரி. பார்த்த உடன் தெரிந்தது. எடுத்தேன். தீ நான் வைக்கவில்லை. வைத்தவனைத் தடுக்கவும் இல்லை. காவலாளி கத்தினார். நான் ஓடினேன்.

மூன்று மாதம் மெத்தைக்குள் வைத்திருந்தேன். பெட்டி சோதித்தார்கள். மெத்தை சோதிக்கவில்லை. கொளுத்தலாம் என்று எடுத்தேன். முடியவில்லை.

இந்த மாதம் எங்களை விடுவிக்கிறார்கள். நாலாவது வருடம் இல்லை. நான் ஊருக்கு வரமாட்டேன். ஈராக்கில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். இதைப் பெருநாள் விடுப்பில் பக்கத்து ஊர் ஸப்ரி கொண்டு வருவான். தண்ணீரில் போட்டுவிடு. எல்லாம் போய்விடும் என்று நீதான் சொல்லுவாய்.

ரபீ

*

கஃப்ர் ஸவாக்கி
14 ஜூன் 1986

தம்பி,

உனக்குப் பெருநாள் சலாம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. நானும் சுகம். ஸப்ரி உன் தாளைக் கால்சட்டைக்குள் காலோடு கட்டிக்கொண்டு வந்தான். நொண்டுகிறானே என்று அம்மா அவனுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். இந்தக் கடிதமும் அவன் கையில்தான் வருகிறது.

உன் எழுத்தைப் படித்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பெருநாள் அன்று உன் படத்தைத் துடைத்து மாட்டும்போது, "இவனுக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வருதோ" என்றாள். காய்ச்சலில் கிடந்தவனைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை.

தொட்டி பக்கத்திலேயே இருந்தது. ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் பென்சில் போகும், படகு போகும், கீற்று கீற்றாகப் பிரிந்துவிடும். அடி-நுனி மாற்றி நேராக அடுக்கினால் நல்ல தாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா கூப்பிடும்வரை நின்றேன். போடவில்லை.

எனக்குக் கோபம் இருக்கிறது ரபீ. நூற்றெண்பது தாளும் என் விரல். உன் படுக்கை இருந்த அறையில்தான் அத்தனையையும் உலர்த்தினேன். ஆனால் என் கோபம் வீட்டுக்குள் இருப்பது, அதை நீ வந்து நேரில் வாங்கிக்கொள்ளலாம். காவலாளியுடையதும் ஹாஜியுடையதும் அப்படி இல்லை. நீ ஈராக் போனாலும் அந்தக் கண்ணாடி ஹரம் சாலையில்தான் உடைந்து கிடக்கும்.

ஹாஜி எழுதியிருக்கிறார். சுவர்களுக்கு வெள்ளை அடித்துவிட்டாராம். இரும்புப் பிரஸ் எரியவில்லை, வர்ணம் மட்டும் போயிருக்கிறதாம். முதல் சரக்காக, அந்தக் கோணல் தாளைப் போலவே பத்துத் தாள் என்னிடம் கேட்டிருக்கிறார். அது என் கைத்தவறு என்றுதானே அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுக்கிப் பார்த்தேன். அடியெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கம். மூன்று கீற்று சரியாகத் தவறாக வருகிறது. நாலாவதில் கை தானாகத் திருப்பி வைத்துவிடுகிறது. பிரித்துவிட்டு மறுபடி அடுக்கினேன். அதேதான். பகல் முழுக்க உட்கார்ந்தும் ஒரு கோணல் தாள் என்னால் செய்ய முடியவில்லை. அதற்கு உன் கை வேண்டும்.

முதலில் ஹாஜியிடம் போ. வெறுங்கையோடு போ, தாள் என்னிடம் பத்திரமாக இருக்கும். அவர் போலீஸைக் கூப்பிடமாட்டார் என்று நான் எழுத முடியாது. கூப்பிடலாம். அது அவர் உரிமை. கூப்பிட்டால் நானும் அம்மாவும் அங்கே வந்து நிற்போம். கூப்பிடாவிட்டால் வீட்டுக்கு வா.

நொண்டாமல் நடந்து வரும் உன்னை எதிர்பார்க்கும்
அக்கா இன்ஸாஃப்

*

ஹரம் சாலை, கிஸா
29 ஜூன் 1986

அக்காவுக்கு,

சலாம். அம்மாவுக்கு சலாம். நான் சுகம். இருமல் இருக்கிறது. இதுவும் என் கை. இரண்டு நாளாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை விடுவித்தார்கள். ஈராக் லாரி வெள்ளிக்கிழமை காலை. கையில் காகிதம் இருந்தது, மூட்டையும் இருந்தது. லாரி வரை போனேன். ஏறவில்லை. ஹரம் சாலையை முதல்முறையாகத் தார்ப்பாய் இல்லாமல் பார்த்தேன். பல் துலக்கும் பெண்ணை எடுத்துவிட்டார்கள், இப்போது சோப்பு.

கடையைத் தாண்டி மூன்று முறை நடந்தேன். நாலாவது முறை ஹாஜி வெளியே வந்து, "உள்ள வா, வெயில்ல நிக்காத" என்றார். நான் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். தாளை அடுக்கினவன் நான், கண்ணாடியை உடைத்ததும் நான் என்று. நீ பொய் சொன்னது எனக்காக என்றும் சொன்னேன். நடுவில் இருமல் வந்தது. அவர் தண்ணீர் கொடுக்கவில்லை. முடியும்வரை கேட்டார்.

பிறகு, "தெரியும்டா. உங்க வீட்டுச் சுவத்துல உன் படத்தை ஏப்ரல்லயே பாத்துட்டேன். உங்கம்மா கையில கொடுத்தா. என்னத்தைச் சொல்றது? எப்போ வருவான்னு அன்னையிலேர்ந்து தெருவைப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

போலீஸைக் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். கூப்பிடுவதாக இருந்தால் ஏப்ரலிலேயே கூப்பிட்டிருப்பேன் என்றார். மன்னித்தீர்களா என்று கேட்டேன். கண்ணாடிக்காரன் நாளை வருவான், தனியாகத் தூக்க முடியாது, மறுமுனையை நீ பிடி என்றார்.

நேற்றுப் பிடித்தேன். ஆள் உயரக் கண்ணாடி. உடைக்கவில்லை.

காவலாளி பெயர் அப்துல் முஇன். அவரைப் பார்க்கப் போனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளையும் போவேன். அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் மடங்குவதில்லை, அதனால் அவர் கை குணமாகும்வரை கதவைத் திறந்து மூட நான் இங்கே இருக்கவேண்டும் என்று ஹாஜி சொல்லிவிட்டார். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. நானும் சுவரில் கோடு போடவில்லை.

கோரைக் கீற்றுகளைத் தொட்டியோடு நீயே இங்கே கொண்டுவா. பிரஸ் இங்கேதான் இருக்கிறது. பத்துக் கோணல் தாளையும் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்குகிறேன். முடிந்ததும் பிரஸ் உனக்கு வரும் என்று ஹாஜி சொன்னார்.

வரும்போது படகுத் தாளைக் கொண்டுவா. பின்பக்கம் நான் எழுதியிருக்கிறேன், கண்ணாடியில் மாட்டினால் உள்ளே நிற்பவர்கள் எல்லாம் படிப்பார்கள் என்று ஹாஜியிடம் சொன்னேன்.

"சன்னல்ல வேணாம். சுவத்துல மாட்டுவோம். படகு எல்லாரையும் பாக்கட்டும், எழுத்து சுவத்தைப் பாத்துக்கட்டும்" என்றார்.

ஆணி அடித்துவிட்டேன்.

ரபீ